குழந்தை உழைப்புச் சட்டமும் ‘குடும்பத் தொழில்’ புரட்டும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைப் பற்றிய சட்டமாகும். “இது வக்கீல்கள் பேசவேண்டிய சங்கதியல்லவா? கடவுள், ஜாதி, சடங்கு என்று பேசி வருகிற உங்களுக்கு இதில் என்ன வேலை?” என்று நம்மை இரண்டொரு நண்பர்கள் கேட்டார்கள். நமக்கு இதில் வேலை இருக்கின்றது என்பதற்கு, சென்ற மாதம் பக்கத்து ஊரில் நமது பேச்சு முடிந்ததும் ஒரு தோழர் எழுந்து கேட்ட கேள்வியே போதுமானது.

அந்தத் தோழர் முடிதிருத்தும் தொழில் செய்பவர். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர். அவர் சொன்னார்: “ஐயா, என் பையனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து மயிரைக் கூட்டுகிறான், தண்ணீர் பிடிக்கிறான், துண்டு அலசிப் போடுகிறான். சனி, ஞாயிறு முழுவதும் கடையில்தான். அடுத்த வருஷம் கத்தி பிடிக்கப் பழக்கலாம் என்றிருக்கிறேன். குடும்பத்துக்கு உதவியாகப் பிள்ளைகள் வேலை செய்யலாம் என்று சட்டமே சொல்லுகிறதாமே! என்னை என் தகப்பனார் பழக்கினார், அவரை அவர் தகப்பனார் பழக்கினார். இதில் தப்பென்ன?”

அன்று இரவு வெகு நேரமாகிவிட்டபடியால் அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி மழுப்பிவிட்டு வந்தோம். அது நமக்கே திருப்தியாயில்லை. யோக்கியமான கேள்வி கேட்டவருக்கு யோக்கியமான பதில் சொல்லியாக வேண்டும். அவர் இன்று இக்கூட்டத்திற்கு வந்திருப்பதாகவும் சொன்னார்கள். ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதலில், இந்தச் சட்டங்கள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்நாட்டில் முதன் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது 1881ஆம் வருஷம். அந்தச் சட்டத்தின்படி குழந்தை என்றால் யார் தெரியுமா? 7 வயது முதல் 12 வயது வரை உள்ளவர்கள். 7 வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் வைக்கக்கூடாது. 7 வயது ஆகிவிட்டால் வைக்கலாம்; ஆனால் நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது! இவ்வளவு தாராளமான சட்டமும் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற யந்திர ஆலைகளுக்கு மாத்திரந்தான். 99 பேர் வேலை செய்கிற ஆலைக்காரன், தொட்டிலில் கிடக்கிற குழந்தையைத் தூக்கி வந்து நூல் முடியச் சொன்னாலும் சட்டம் அவனைக் கேட்காது.

இந்தச் சட்டமாவது இரக்கத்தினால் வந்ததா என்றால், அதுவும் முழு உண்மையல்ல. பம்பாய் ஆலைகளின் போட்டியைத் தாங்க முடியாத லங்காஷயர் முதலாளிகள், இங்கே குழந்தைகளைக் கொண்டு மலிவாகத் துணி நெய்கிறார்கள் என்று கூச்சல் போட்டார்கள். நம் பக்கத்தில் அதை எதிர்த்தவர்கள் யார்? தேசாபிமானப் பத்திரிகைகள் பல எதிர்த்தன. சுதேசித் தொழில் அழிந்துபோகும் என்றார்கள். அதாவது வெள்ளைக்கார முதலாளிக்கு நம் குழந்தைமேல் அன்பு வந்தது தன் லாபத்திற்காக. நம் முதலாளிக்குத் தேசத்தின்மேல் அன்பு வந்ததும் தன் லாபத்திற்காக. நடுவில் நின்ற ஏழு வயதுக் குழந்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிலாளி பக்கம் நின்று பேசியவர் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர். ஜோதிராவ் பூலே ஏற்படுத்திய சத்திய சோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். 1884இல் ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி, வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டுமென்று மனுப்போட்டவர் அவர்தான். ஜாதியை எதிர்த்தவர் கூலிக்காரனுக்காகவும் பேசியது தற்செயலல்ல என்பது நமது அபிப்பிராயம்.

அதற்குப் பிறகு வயது மெல்ல மெல்ல ஏறிற்று. 1891இல் 7 வயது 9 ஆயிற்று. 1922இல் 12 ஆயிற்று. 1948இல்தான் 14 ஆயிற்று. ஏழிலிருந்து பதினாலுக்கு ஏறுவதற்கு 67 வருஷங்கள்! ஏறக்குறையப் பத்து வருஷத்திற்கு ஒரு வயது என்ற கணக்கில்தான் ஏறிற்று. அதுவும் தொழிற்சாலை என்று பெயர் வைத்த இடத்திற்கு மட்டும். பட்டறை, குடிசை, திண்ணை, கொட்டகை ஆகியவைகளில் நடந்ததெல்லாம் சட்டத்தின் கண்ணுக்குப் படவேயில்லை. 1931இல் வெளிவந்த ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கையிலேயே, பீடிக் கடைகள் முதலிய சிறு பட்டறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இரண்டணாவுக்கு உழைக்கின்றன என்றும், சிறு குழந்தைகளை அடித்து வேலை வாங்குவதாக நம்ப இடமிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அடகு வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் அந்தக் கமிஷன் சொல்லிற்று. அதன்மேல் 1933இல் ஒரு சட்டம் செய்தார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று அதில் கண்டிருந்தது. அடகு வைத்த தகப்பனுக்கு 50 ரூபாய் வரை அபராதம், அடகு பிடித்தவனுக்கு 200 ரூபாய் வரை அபராதம். நகையை அடகு பிடிக்கிறவன் பூட்டி வைத்துக் காப்பாற்றுவான். பிள்ளையை அடகு பிடிக்கிறவன் தேய்த்துவிட்டுத் தருவான். அபராதம் மட்டும் இவ்வளவுதான்.

நிற்க, இனிமேல்தான் நமது தோழரின் கேள்விக்குச் சம்பந்தமான இடம் வருகிறது. 1938இல் குழந்தைகள் வேலைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அடுத்த வருஷமே அதைத் திருத்தி, பீடி சுற்றுதல், தீப்பெட்டி, பட்டாசு, தோல் பதனிடுதல், சாயம் போடுதல், கம்பளம் நெய்தல் முதலான வேலைகளில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். நல்ல காரியம் என்றுதானே நினைப்பீர்கள்? அந்த ஷரத்திற்குக் கீழேயே ஒரு வால் ஒட்டியிருந்தது. பட்டறைக்காரன் கூலி ஆள் வைக்காமல் தன் குடும்பத்தாரைக் கொண்டே வேலை நடத்தினால் அவனுக்கு இந்தத் தடை இல்லை என்பதுதான் அந்த வால். 1986இல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் செய்தபோது, வயதைப் பதினாலாக்கினார்கள், தண்டனையைக் கூட்டினார்கள். ஆனால் அந்த வாலை மட்டும் வெட்டவில்லை. ‘குடும்பத்தாரின் உதவியோடு’ நடக்கிற பட்டறைக்குத் தடையில்லை என்று திரும்பவும் எழுதி வைத்தார்கள். கூலி ஆள் கூடாது என்று முன்பு இருந்த வார்த்தைகூட அதில் காணோம்!

அந்த வால் என்ன வேலை செய்தது என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தோழர்களே! நாமே அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். நாம் பிறந்தது கரிசல் காட்டில், மழை தவறினால் கஞ்சிக்கும் வழியில்லாத ஒரு கிராமத்தில். 1989இல் நமக்கு ஒன்பது வயது. நமது தகப்பனார் ஒரு தீப்பெட்டிப் பட்டறை முதலாளியிடம் முன்பணமாக 300 ரூபாய் வாங்கியிருந்தார். அது கழிகிற வரையில் நாம் போய்க் கட்டை அடுக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு ஊர் முக்கில் வேன் வந்து நிற்கும். தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏற்றிவிடுவார்கள். கட்டை அடுக்குவதென்றால், மரச் சட்டத்தில் இருக்கிற வரிப்பள்ளங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து நிரப்புவது. நிரப்பின கட்டைக்குத்தான் கூலி. பெரியவர்களின் விரல் தடிமன், குழந்தைகளின் விரல்தான் அதற்குத் தோது என்று பெருமையாகச் சொல்லுவார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க நாம் கற்றுக்கொண்டதே பெட்டிகளில் ஒட்டுகிற லேபிளைப் பார்த்துத்தான்.

வேலையில் சேர்ந்த அன்று நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் கட்டை அடுக்குவதல்ல. “ஜீப்பில் யாராவது வந்து, முதலாளி உனக்கு என்ன வேணும் என்று கேட்டால், ‘மாமா’ என்று சொல்லணும்” என்பதே முதல் பாடம். நாற்பது குழந்தைகளுக்கும் அதே பாடந்தான். ஒரு நாள் ஜீப் வந்தது. பெரிய பிள்ளைகள் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நாமும் இன்னும் நாலைந்து பேரும் அகப்பட்டுக்கொண்டோம். வந்த அதிகாரி நம்மைக் கேட்டார், “மாமா” என்றோம். பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டார், அவளும் “மாமா” என்றாள். மூன்றாவது பையன் கேட்பதற்கு முன்னாலேயே “மாமா” என்றான். அதிகாரி சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்த மாமன் வீட்டுத் திண்ணையில் நாம் உட்கார முடியாது. அவர் வீட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடிக்க முடியாது. தாகமெடுத்தால் கையைக் குவித்து நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். சட்டத்திற்கு முன்னால் மாமன், தண்ணீருக்கு முன்னால் வேறு ஜாதி! இப்படிப்பட்ட சொந்தத்தை உலகத்தில் வேறெந்தத் தேசத்துச் சட்டமாவது உண்டாக்கியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த முதலாளியின் சொந்த மருமகன், அதாவது அவருடைய தங்கை மகன், ஒரு நாளாவது கட்டை அடுக்க வந்ததை நாம் பார்த்ததில்லை. அவன் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

சட்டம் போட்டு அது நடக்காமல் போவது நம் நாட்டில் மட்டுந்தான் என்று சிலர் தலையில் அடித்துக்கொள்வார்கள். “வெள்ளைக்காரன் தேசத்தில் சட்டமென்றால் சட்டந்தான்” என்பார்கள். இதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு அடுப்புப் புகைபோக்கி உண்டு. அந்தக் காலத்தில் அந்த இடுக்கான புகைபோக்கிக்குள் சிறு பையன்களை ஏற்றிவிட்டுக் கரியைச் சுரண்டச் சொல்லுவார்கள். முட்டியும் முழங்கையும் தேய்ந்து புண்ணாகும், சிலர் உள்ளேயே மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிச் செத்துப் போவார்கள். 1788இல், எட்டு வயதுக்குட்பட்டவனை இந்த வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். யாரும் மதிக்கவில்லை. 1819இல் ஒரு மசோதா வந்தது, பிரபுக்கள் சபையில் தள்ளிவிட்டார்கள். 1834இல் ஒரு சட்டம். 1840இல் இன்னொன்று, 21 வயதுக்குட்பட்ட எவனும் புகைபோக்கியில் ஏறவே கூடாது என்று. அப்பொழுதும் பையன்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 1864இல் மறுபடியும் ஒரு சட்டம். கடைசியாக 1875இல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் புகைபோக்கியில் ஏற்றிவிடப்பட்ட ஒரு சிறுவன் இறந்துபோனான். அதன்மேல் செய்த சட்டந்தான் பலித்தது. ஏன் பலித்தது? புகைபோக்கி துடைக்கிற ஒவ்வொருவனும் வருஷா வருஷம் போலீசில் லைசென்சு வாங்க வேண்டும், பையனை ஏற்றினால் லைசென்சு போய்விடும், அதைப் பார்ப்பது போலீசின் கடமை என்று அதில் வைத்தார்கள். அதற்கு முன் இருந்த சட்டங்களிலெல்லாம் “கூடாது” என்ற சொல் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. முதல் சட்டத்திற்கும் கடைசிச் சட்டத்திற்கும் நடுவில் 87 வருஷம்.

நம் நாட்டு வாலுக்கு 1939 முதல் கணக்குப் போட்டால் எண்பது வருஷத்திற்கு மேல் ஏற்கனவே போய்விட்டது.

இப்போது 2016இல் வந்த திருத்தத்தைப் பார்ப்போம். அதில் நல்லதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று அந்தத் திருத்தம் முதல் தடவையாகச் சொல்லிற்று. அதுவரையில் பட்டியலில் கண்ட வேலைகளுக்கு மாத்திரமே தடை. பட்டியலில் இல்லாத வேலைக்கு எத்தனை வயதுக் குழந்தையையும் நாளைக்கு ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். டீக்கடை, ஓட்டல், வீட்டு வேலை ஆகியவைகளே 2006இல்தான் பட்டியலுக்குள் வந்தன. 14 முதல் 18 வரை உள்ளவர்களையும் ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது என்று 2016இல் சேர்த்தார்கள். குற்றம் செய்த முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாரண்டு இல்லாமலே போலீசார் பிடிக்கலாம். தாய் தகப்பனுக்கு முதல் தடவை தண்டனை இல்லை என்பதும் நியாயமே. இதெல்லாம் சரி.

ஆனால் வால்? அதைப் பெயர் சொல்லி, விளக்கம் எழுதி, பூமாலை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரத்திலும், விடுமுறையிலும், குழந்தை தன் குடும்பத்திற்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவி செய்யலாம் என்கிறது சட்டம். குடும்பம் என்றால் யார் யார்? தாய், தகப்பன், உடன்பிறந்தவர்கள். அதோடு தகப்பனுடைய சகோதர சகோதரிகள், தாயினுடைய சகோதர சகோதரிகள். அதாவது பெரியப்பன், சித்தப்பன், அத்தை, மாமன், பெரியம்மாள், சின்னம்மாள் எல்லாரும் உள்ளே! தோழர்களே, நம் தமிழ்நாட்டிலே யார் யாருக்கு மாமன் அல்ல? வழியில் பார்க்கிறவனைக்கூட மாமா என்றும் சித்தப்பா என்றும் கூப்பிடுகிறோம். இந்த வழக்கத்தை உத்தேசித்தே எழுதினார்களோ என்னவோ, தெரியாது. ‘குடும்பத் தொழில்’ என்பதற்கும் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தாரோடு வெளியாட்களும் அமர்ந்து வேலை செய்கிற தொழிலாக இருந்தாலும் அது குடும்பத் தொழிலே. ஆக, நமது கட்டை அடுக்கும் மாமனுக்கு 1989இல் பொய் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அக்காள் மகன் ஒருவன் உண்மையாகவே இருந்துவிட்டால் அவனுக்குப் பொய்யே தேவையில்லை.

ஆபத்தான வேலைகளில் குடும்பத்தாரும் குழந்தையை வைக்கக்கூடாது என்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தப் பட்டியலை 2016இல் மிகவும் சுருக்கி, கூச்சல் எழுந்த பிறகு 2017இல் கொஞ்சம் நீட்டினார்கள். அது குழந்தையின் நுரையீரலுக்கும் கைகாலுக்கும் வருகிற ஆபத்தைப் பார்க்கிறது. குழந்தையின் படிப்புக்கும் வாழ்வுக்கும் வருகிற ஆபத்தைப் பார்க்கவில்லை. சினிமாவிலும் விளம்பரத்திலும் டெலிவிஷன் தொடரிலும் குழந்தை நடிக்கலாம், சர்க்கஸில் மட்டும் கூடாது என்பது இன்னொரு விலக்கு. அதை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

இந்தக் குடும்ப விலக்கு கூடாதென்று நாம் மட்டும் சொல்லவில்லை. 2013ஆம் வருஷத்திலேயே பார்லிமெண்ட் கமிட்டி, குழந்தை பெற்றோருக்கு உதவி செய்கிறதா, சம்பாதிப்பதற்காக உழைக்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம், சர்க்காரே ஓட்டையை உண்டாக்குகிறது என்ற கருத்துப்படச் சொல்லிற்று. அதைக் கேட்டும் ஓட்டை போட்டார்கள். அதற்குச் சர்க்கார் சொன்ன சமாதானந்தான் கவனிக்கத்தக்கது. நாட்டின் சமூக அமைப்பை மனத்தில் வைக்க வேண்டுமாம். விவசாயம், கைத்தொழில் முதலியவைகளில் பெற்றோருக்கு உதவி செய்யும்போதே குழந்தைகள் தொழிலின் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுகிறார்களாம்.

இந்த வாசகத்தை நம்மூர்ப் பெரியவர்கள் இதற்கு முன்னே எங்கேயோ கேட்டிருக்கிறார்களே! 1953இல் ராஜகோபாலாச்சாரியார் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் படிப்பு, மற்ற நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல் மந்திரியானதும் அது ஒழிந்தது. அன்றைக்கு அதைப் பள்ளிக்கூட இலாகா வழியாகக் கொண்டுவந்தார்கள், ஊர் விழித்துக்கொண்டது. இன்றைக்கு அதே சரக்கு தொழிலாளர் இலாகா வழியாக, குழந்தைகளைக் காப்பாற்றும் சட்டம் என்ற தலைப்பிலேயே வந்திருக்கிறது. அதனால்தான் நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

இப்போது நமது முடிதிருத்தும் தோழரைப் பார்த்துக் கேட்கிறோம். உங்கள் கடைக்கு வருகிற வக்கீல் தன் ஒன்பது வயது மகனைச் சாயங்காலத்தில் கோர்ட்டுக் கட்டு கட்டப் பழக்குகிறாரா? டாக்டர் தன் மகளை லீவு நாளில் புண் கழுவச் சொல்லுகிறாரா? கோவில் குருக்களின் பிள்ளைகூட இன்று கம்ப்யூட்டர் படிக்க அமெரிக்காவுக்குப் போகிறான். அவனை யாரும் மணி ஆட்டத்தான் வேண்டுமென்று பிடித்து வைக்கவில்லை. ‘குடும்பத் தொழில்’ என்கிற சொல் சிரைக்கிறவன், வெளுக்கிறவன், பானை செய்கிறவன், செருப்புத் தைக்கிறவன், மாடு மேய்க்கிறவன் ஆகியவர்களின் வீட்டுக்கு மட்டும் ஏன் வருகிறது? உங்கள் தகப்பனார் உங்களைப் பழக்கினார், அவரை அவர் தகப்பனார் பழக்கினார் என்று சொன்னீர்கள். அவரைப் பழக்கியது யார்? வேறு தொழில் செய்தால் உதைப்போம் என்று சொன்ன ஊர்தானே? அது பழக்கமல்ல, பூட்டு. சாவியை உங்கள் மகன் கையில் கொடுக்க வேண்டிய சமயத்தில் கத்தியைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

தொழில் இழிவு என்று நாம் சொல்லவில்லை. இதைத் தப்பாக எண்ணிவிடக்கூடாது. பதினெட்டு வயதில், பத்துத் தொழிலைப் பார்த்து, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று உங்கள் மகன் உங்கள் கடைக்கே வந்து கத்தியைப் பிடிப்பானேயானால் அதைவிட மேலான காரியமில்லை. ஒன்பது வயதில் பிடிக்க வைத்தால் அவன் தேர்ந்தெடுத்தானென்று சொல்ல முடியுமா? வீட்டில் பிள்ளை வேலையே செய்யக்கூடாதா என்றும் கேட்பீர்கள். தன் தட்டைத் தான் கழுவட்டும், தண்ணீர் மொண்டு வரட்டும், அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கட்டும். ஆண் பிள்ளைக்கும் இதைச் சேர்த்தே சொல்லுகிறோம், ஏனென்றால் இந்த ‘உதவி’ பெரும்பாலும் பெண் குழந்தையின் தலையில்தான் விடிகிறது. பிள்ளை இல்லாவிட்டால் அந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்குமா என்று மட்டும் பாருங்கள். வைக்க வேண்டியிருக்குமென்றால் அது உதவியல்ல, உழைப்பு.

“நீங்கள் பேசிவிட்டுப் போய்விடுவீர்கள், சோறு யார் போடுவது?” என்ற கேள்வி மீதியிருக்கிறது. இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நமது தகப்பனார் 300 ரூபாய் வாங்கியது குடிப்பதற்கல்ல, தாயாரின் வைத்தியத்திற்கு. ஆனால் நடந்ததைச் சொல்லுகிறோம். நம் ஊரில் அந்தக் காலத்தில் பெரிய ஆண்பிள்ளைகள் பலர் வேலையில்லாமல் ஆலமரத்தடியில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வேலையைப் பாதிக் கூலிக்கும் கால் கூலிக்கும் நாம் செய்துகொண்டிருந்தோம். பிள்ளை உழைத்ததால் தகப்பனுக்குச் சோறு வந்தது என்று ஊர் நினைத்தது. பிள்ளை உழைத்ததால் தகப்பனுக்கு வேலை போயிற்று என்பதை யாரும் நினைக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு இதைக் கவனித்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் சம்பந்தமான வழக்கில் 1996 டிசம்பரில் சொன்ன தீர்ப்பில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தைக்குப் பதிலாக வீட்டிலுள்ள வயது வந்தவருக்குச் சர்க்கார் வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொல்லிற்று. எத்தனை தகப்பன்மாருக்கு அந்த வேலை கிடைத்தது என்பதை உங்கள் ஊர்களிலேயே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கோவிலில் கொடுத்த பொங்கல் குழந்தையைப் பள்ளிக்கு இழுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட சோறு இழுத்தது. 1920இல் சென்னை நகரசபையில் தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது, 1956இல் காமராசர் ராஜ்யம் முழுவதும் கொண்டுபோனது, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்தது, 2022இல் காலைச் சிற்றுண்டியாக நீண்டது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த மத்தியானச் சோற்றை 300 ரூபாய் முன்பணம் பிடுங்கிக்கொண்டது. அதனால் சொல்லுகிறோம், சோறும் பள்ளியும் தகப்பனுக்கு வேலையும் ஒரு கை, சட்டம் மறு கை. ஒரு கையால் ஓசை வராது.

தலையெழுத்து என்று சொல்லுகிறவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1881இல் ஏழு வயதுக் குழந்தையின் தலையில் ஆலை என்று எழுதின கடவுள், 1948இல் பதினாலு என்று மாற்றி எழுதினாரா? சட்டசபையில் கை தூக்கினவர்கள் மாற்றினார்கள். 2011ஆம் வருஷத்து ஜனக் கணிதப்படி இந்நாட்டில் 5 முதல் 14 வயது வரை உள்ளவர்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கோடிப் பேருக்கும் முன் ஜென்மத்தில் ஒரே பாவமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். குடும்பத் தொழில் என்கிற விலக்கு அந்தச் சட்டத்திலிருந்து முழுவதும் எடுக்கப்பட வேண்டும். இதை உங்கள் ஊர்ச் சங்கங்களில் தீர்மானமாகப் போட்டு, ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் கையில் கொடுங்கள். யார் வாங்குகிறார்கள், யார் மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுகிறார்கள் என்று பாருங்கள். குழந்தையை வேலை வாங்குவதைக் கண்ணால் கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம், காசு வேண்டியதில்லை. வேலையிலிருந்து விடுவித்த பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததோடு விட்டுவிடாமல், மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இது சின்ன வேலைதான், ஆனால் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிற வேலை.

நேரமாகிவிட்டது. சந்தேகமுள்ள தோழர்கள் தாராளமாகக் கேட்கலாம். சென்ற மாதம் கேட்டவர் முதலில் கேட்கட்டும். நாம் சொன்னதில் அவருக்குச் சம்மதமில்லாதது இருந்தால் அதையும் மேடைக்கு வந்தே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.